வைரம் வாங்குவோர் கேளாத கேள்வி

வன்னி மக்களுக்கு வைரத்தைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர் சிலர் வினவினர். 2009-ஆம் ஆண்டின் இடப்பெயர்விலே, காதிலும் கழுத்திலும் கிடந்தவற்றை அரிசிக்கும் பால்மாவுக்குமாகக் கழற்றிக் கொடுத்த தாய்மார் வாழும் நாடு இது. நகையே குடும்பத்தின் கடைசிக் காப்பு என்பதை அவர்களைப் போல் அறிந்தவர் யார்? அவர்கள்தம் பிள்ளைகளின் திருமணத்துக்கு வைர மோதிரம் தேடி வவுனியாவுக்கும் கொழும்புக்கும் போகிறவர்கள், "எத்தனை கரட்?" என்று மட்டும் கேட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பதை வாளாவிருந்து பார்க்க என்னால் இயலவில்லை.

பவுணுக்குச் சொல்லும் கரட் மாற்றைக் குறிக்கும். வைரத்துக்குச் சொல்லும் கரட் நிறையைக் குறிக்கும். ஐந்து கரட் ஒரு கிராம். ஆனால் கல்லுக்கு ஒளியைத் தருவது பட்டை. இன்று பெருவழக்காயுள்ள வட்டப் பட்டைக்கு மேலே 33, கீழே 24 ஆக 57 முகங்கள் உண்டு. அடிமுனையையும் தீட்டினால் 58. மேற்சரிவு 34.5 பாகையும் கீழ்ச்சரிவு 40.75 பாகையும் இருத்தல் நன்று என மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பார் 1919-இல் கணித்து நூலாக வெளியிட்டார். நம் மாணவர் பௌதிகவியலிற் படிக்கும் முழு அகத்தெறிப்பே இதன் அடிப்படை. வைரத்தின் முறிவுச் சுட்டி 2.42, அவதிக் கோணம் 24 பாகைக்குச் சற்று மேல். சரிவு அளவோடு அமைந்தால், மேலே புகுந்த ஒளி உள்ளே இருமுறை தெறித்து மேல்வழியே மீளும். ஆழம் மிகுந்தால் நடுவிடம் இருளும். குறைந்தால் மீன்கண் போல் வெளிறிய வளையமொன்று தோன்றும். கண்ணாடி அரியத்தை வைத்துக்கொண்டு இப்பாடத்தை நடத்தும் ஆசிரியர், ஒரு மோதிரத்தையும் உதாரணங் காட்டினாலென்ன?

ஆழமாகத் தீட்டுவது அறியாமையால் அன்று. ஒரு கரட்டைத் தொட்டதும் விலை தாவும்; ஆகவே தீட்டுவோர் கழிவைக் குறைத்து நிறையைக் காப்பர். நன்கு தீட்டிய ஒரு கரட் கல்லின் விட்டம் ஏறத்தாழ 6.5 மில்லிமீற்றர். அது 6.2 ஆகக் குறுகியிருப்பின், எஞ்சிய நிறை அடியில் ஒளிந்து கிடக்கிறது என்க. அதற்கும் நாமே விலை கொடுக்கிறோம். அடிமூடிக் கட்டிய நகையில் இது தெரியவே தெரியாது. (ஏழுகல் தோட்டின் அழகை நான் மறுப்பவனல்லன்.)

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை வைரத்துக்குக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் குற்றங்களைக் கூறுகிறது. அவை கல்லோடு பிறந்தவை. தீட்டுவோர் கையால் வரும் குற்றத்தை அவற்றோடு நாம் சேர்த்தெண்ண வேண்டும். சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்று உடைத்துக் காட்டியவளுக்கு வைகாசிதோறும் வற்றாப்பளையிலே பொங்குகிறவர்கள் நாம். கல்லைக் கட்டுமுன் தனியே காட்டும்படி கடைக்காரரைக் கேட்க நமக்கு நாணம் எதற்கு?

அமெரிக்க இரத்தினவியல் நிறுவனம் 2006 முதல் வட்டப் பட்டைக்குத் தனியே தரம் வகுத்து வருகிறது. அதன் அறிக்கையுடன் கல் வருமாயின், நிறையைப் படிக்குமுன் பட்டையின் தரத்தைப் படியுங்கள். அறிக்கை இல்லையெனில், ஓர் அளவுகோலையாவது உடன் கொண்டு செல்லுங்கள்.