பிள்ளைகளின் அடையாள அட்டை எண்ணும் மூடாத மின்னஞ்சலும்



பள்ளி திறந்த முதல் மாதத்தில் மாணவர் பெயர்ப்பட்டியல் மின்னஞ்சல் வழியாக எங்கெங்கோ பயணிக்கிறது. காப்புறுதிக்கு ஒன்று, வேன் ஓட்டுநருக்கு ஒன்று, சீருடை தைப்பவருக்கு ஒன்று, வகுப்புப் படம் எடுக்கும் கடைக்கு ஒன்று. அடையாள அட்டை எண்ணும் பெரும்பாலும் உடன் செல்கிறது. படம் எடுப்பவருக்கு அந்த எண் எதற்கு என்று எவரும் கேட்பதில்லை.

அதன் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். பேராவில் பிறந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். கடவுச்சொல் திருடு போனால் நாளையே மாற்றிக்கொள்ளலாம். கோப்பெங்கில் ஏழு வயதில் முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை வீட்டுக்கடன் கேட்கும் நாளிலும் அதே எண்ணைத்தான் தருவாள். 2017-இல் இந்நாட்டில் 46.2 மில்லியன் கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் அடையாள அட்டை எண்களோடு கசிந்ததை நாம் மறந்துவிட்டோம் போலும்.

மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறை 1982-இல் எழுதப்பட்டபோது அதில் மறையாக்கம் இல்லை. அந்நாளில் தோட்டத்துக் கிராணியார் கைவழியாக வந்த அஞ்சலட்டையை வழியில் யாரும் படித்திருக்கலாம், அதே நிலைதான். 1999-இல் டிஎல்எஸ் மறையாக்கம் சேர்க்கப்பட்டது, ஆனால் விருப்பத் தெரிவாக. அனுப்பும் வழங்கி, "உன்னால் மறையாக்கம் முடியுமா?" என்று பெறும் வழங்கியைக் கேட்கும். முடியாது என்றால், பெரும்பாலும் நம்மிடம் சொல்லாமலே மடலைத் திறந்தபடி அனுப்பிவிடும். 'இருந்தால் பூட்டு' என்பது 'இல்லாவிட்டால் போகட்டும்' என்பதுதானே?

ஆகவே, பள்ளிக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கும் மின்னஞ்சல் அமைத்துத் தருபவரிடம் 'கட்டாயம்' என்ற சொல்லை வலியுறுத்துங்கள். கணினியில் அஞ்சல் மென்பொருள் வைத்திருந்தால், வெளியனுப்பும் அமைப்பில் போர்ட் 465, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். வழங்கி அதற்கு இடம் தராவிட்டால் 587, ஸ்டார்ட்டிஎல்எஸ். 'மறையாக்கம் இல்லை' என்ற தெரிவு வேண்டவே வேண்டாம். இது நம் கணினியிலிருந்து நம் வழங்கி வரையிலான பாதைக்கு. அதற்கப்பால், சொந்தத் தளப்பெயரில் கூகுள் சேவை வைத்திருக்கும் சங்கங்களும் கடைகளும் நிர்வாகிப் பக்கத்தில் டிஎல்எஸ்ஸைக் கட்டாயமாக்கலாம். மறையாக்கம் அறியாத வழங்கிக்கு மடல் போகாமல் திரும்பிவிடும். சாதாரண ஜிமெயிலில், பெறுநர் பக்கம் மறையாக்கம் இல்லையென்றால் திறந்த சிவப்புப் பூட்டுத் தெரியும். 2016 முதல் அது இருக்கிறது, பார்ப்பவர்தாம் குறைவு.

இவ்வளவும் வழிப்பயணத்திற்கு மட்டுமே. போய்ச் சேர்ந்த பெட்டியில் மடல் திறந்தே கிடக்கும். எனவே பட்டியலை எக்செல்லிலேயே கடவுச்சொல்லிட்டுப் பூட்டுங்கள். 2007-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அந்தப் பூட்டு உறுதியானது. அக்கடவுச்சொல்லை அதே மடலில் எழுதி அனுப்புவோரும் உள்ளனர்! தொலைபேசியில் சொல்லுங்கள்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. வணிகப் பரிமாற்றங்களுக்கே பொருந்தும். படக்கடை அதற்குள் வரும். பட்டியலை அனுப்பும் நம் கையை எந்தச் சட்டம் பிடிக்கும்?

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் முன்மொழிய எண்ணியுள்ளேன்: படக்கடைக்கும் சீருடைக்கும் பெயரும் வகுப்பும் மட்டும், எண் தேவைப்படும் இடத்திற்குப் பூட்டிய கோப்பு மட்டும். மறுப்புள்ளவர்கள் இங்கேயே எழுதுங்கள்.