இரட்டையர் ஆட்டமும் ஒற்றைத் தண்டனையும்

2021 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2 ஆந் திகதி தோக்கியோ ஒலிம்பிக்கின் பட்மின்ரன் மகளிர் இரட்டையர் இறுதியாட்டத்தில் இந்தோனேசியாவின் கிறேசியா பொலீயும் அப்ரியானி ரஹாயுவும் சீனாவின் சென் ச்சிங்சென், ஜியா யிஃபான் சோடியை 21-19, 21-15 எனும் புள்ளிகளால் வென்றனர். அவ்வெற்றியைப் பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை ஒரே கதையைத்தான் கூறின. 2012 இல் இலண்டனில் இழிவுபட்டு வெளியேற்றப்பட்ட ஒருத்தி ஒன்பதாண்டுகள் தவமிருந்து தன் களங்கத்தைக் கழுவிக்கொண்டாள் என்பதே அக்கதை. பாவம், பிராயச்சித்தம், விமோசனம் எனும் பழைய புராணச் சட்டகத்துள் அவளது வாழ்வு இலகுவாகப் பொருந்திவிட்டது. கேட்பதற்கு இனிய கதைதான். ஆயின் அக்கதை யாருக்கு வசதியானது என்ற வினாவை எழுப்புவோர் அரியர். கழுவவேண்டிய களங்கம் உண்மையில் எவருடையது என்பதை ஆராய்வதே எமது நோக்கம்.

இலண்டனில் நிகழ்ந்தது யாது? அவ்வொலிம்பிக்கிலே உலக பட்மின்ரன் சம்மேளனம் இரட்டையர் ஆட்டங்களுக்குக் குழு முறையைப் புகுத்தியது. ஒவ்வொரு குழுவிலும் முதலிரு இடங்களைப் பெறும் சோடிகள் கால் இறுதிக்குச் செல்லும். கால் இறுதியில் எவர் எவரைச் சந்திப்பர் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தது. இத்தகைய ஏற்பாட்டில் தோல்வி சில வேளை வெற்றியிலும் பார்க்கப் பயன்தருவதாக அமையும் என்பதை உணரப் பெரும் கணித ஞானம் வேண்டியதில்லை. சீனாவின் தியன் ச்சிங், சாவோ யுன்லெய் சோடி டென்மார்க்கிடம் தோற்றுத் தம் குழுவில் இரண்டாமிடத்துக்கு இறங்கியது. எனவே மற்றைய சீனச் சோடியான வாங் சியாவோலி, யூ யாங் இருவரும் தம் குழுவில் முதலிடம் பெற்றால், இறுதியாட்டத்துக்கு முன்னரே தம் நாட்டவரைச் சந்திக்க நேரும். ஜூலை 31 ஆந் திகதி மாலை அவர்கள் கொரியச் சோடியுடன் ஆடிய ஆட்டத்தில் இறகுப்பந்து மீண்டும் மீண்டும் வலையில் வீழ்ந்தது. வேண்டுமென்றே களத்துக்கு வெளியே அடிக்கப்பட்டது. கொரியரும் அவ்வாறே ஆடினர். சீனச் சோடி தான் விரும்பிய தோல்வியைப் பெற்றது.

இவ்விடத்தேதான் கிறேசியா வருகிறாள். சீனச் சோடி இரண்டாமிடத்துக்கு இறங்கிவிட்டமையால், அடுத்து ஆடவிருந்த மற்றொரு கொரியச் சோடியும், கிறேசியாவும் அவளது அன்றைய துணையான மெய்லியானா ஜவ்ஹாரியும் ஒரே இக்கட்டில் மாட்டினர். வெல்பவருக்குப் பரிசு, உலகின் முதற்றரச் சோடியைக் கால் இறுதியிலேயே சந்திப்பது! அவ்வாட்டமும் கேலிக்கூத்தாயிற்று. மறுநாள் நான்கு சோடிகளும், எட்டு வீராங்கனைகளும், போட்டியிலிருந்து நீக்கப்பட்டனர். வெற்றிபெற முழு முயற்சி செய்யவில்லை, விளையாட்டுக்கு ஊறு விளைவித்தனர் என்பன குற்றச்சாட்டுக்கள்.

அவர்கள் செய்தது சரியென வாதிடுவது எமது கருத்தன்று. பணங்கொடுத்து அரங்கினுள் வந்தோர் கூச்சலிட்டதில் நியாயம் இருந்தது. ஆயின் அதே ஜூலை 31 ஆந் திகதி அதே ஒலிம்பிக்கில், யப்பானிய மகளிர் உதைபந்தாட்ட அணி தென்னாபிரிக்காவுடன் கோலெதுவும் இன்றிச் சமநிலை கண்டது. குழுவில் இரண்டாமிடம் பெற்றால் தூரப் பயணத்தைத் தவிர்க்கலாம் என்பதற்காகச் சமநிலையையே நாடுமாறு வீராங்கனைகளைப் பணித்ததைப் பயிற்றுநர் சசாகி வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் நடவடிக்கை எதனையும் எடுக்கவில்லை. யப்பானிய அணி வெள்ளிப் பதக்கத்துடன் நாடு திரும்பியது. அங்கே அது தந்திரோபாயம்; இங்கே அது குற்றம். பயிற்றுநர் வாய்திறந்து பொறுப்பேற்றபோது தண்டனை இல்லை. பட்மின்ரனிலோ களத்தில் நின்ற பெண்களே தண்டிக்கப்பட்டனர். சீன அணியின் தலைமைப் பயிற்றுநர் லீ யொங்போ பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2017 வரை அவர் அணியோடு நீடித்தார். போட்டி முறையை வகுத்தவர்களோ மன்னிப்புக் கேட்கவும் தேவைப்படவில்லை. அடுத்த றியோ ஒலிம்பிக்கில் இரண்டாமிடம் பெறுஞ் சோடிகளுக்குக் குழு ஆட்டங்களின் பின்னர் மீண்டும் சீட்டுக் குலுக்கும் முறை கொண்டுவரப்பட்டது. முறையிலே பிழை இருந்தது என்பதற்கு இதனிலும் மேலான வாக்குமூலம் வேண்டுமோ?

இங்கு இரட்டையர் ஆட்டக்காரரின் தொழில் நிலைமையைச் சிறிது ஆழமாக நோக்குதல் அவசியமாகிறது. ஒற்றையர் ஆட்டக்காரர் தமது திறனை மட்டுமே நம்பி வாழ்பவர். இரட்டையர் ஆட்டக்காரரின் வாழ்வோ இன்னொருவரின் முழங்காலையும் நம்பியுள்ளது. உலகத் தரவரிசைப் புள்ளிகள் சோடிக்கு உரியன. ஆளுக்கு உரியன அல்ல. போட்டிகளில் அனுமதி பெறும்போது முன்னைய புள்ளிகளுள் ஒரு பகுதியைக் கணிக்கும் சலுகை இருப்பினும், துணை மாறினால் ஏணியை அடியிலிருந்தே ஏறவேண்டும். இந்தோனேசியத் தேசியப் பயிற்சி முகாம் போன்ற இடங்களில் துணையைத் தெரிவுசெய்வதிலும் பயிற்றுநரின் சொல்லே மேலோங்குகிறது. கிறேசியாவின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜோ நொவிதா, மெய்லியானா, நித்யா கிரிஷிந்தா மஹேஸ்வரி, அப்ரியானி எனத் துணைகள் மாறினர். நித்யாவோடு 2014 இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றாள். 2016 இல் றியோவின் கால் இறுதிவரை சென்றாள். (அங்கு இவர்களைத் தோற்கடித்த சோடியில் ஒருத்தி, இலண்டனில் இவளோடு நீக்கப்பட்ட அதே யூ யாங்.) பின்னர் நித்யா முழங்காற் சத்திரசிகிச்சைக்கு உள்ளானாள். இருபத்தொன்பது வயதில், தன் குற்றம் எதுவுமின்றி, கிறேசியா துணையற்றவளானாள். 2017 இல் அவளுடன் சேர்க்கப்பட்ட அப்ரியானிக்கு வயது பத்தொன்பது. அவ்வாண்டே இருவரும் தாய்லாந்துப் பகிரங்கப் போட்டியை வென்றனர் என்பதை வியந்து கூறுவோர், தோற்றிருந்தால் அவளது தொழில் அங்கேயே முடிந்திருக்கக்கூடும் என்பதை எண்ணுவதில்லை.

இனி, இரட்டையர் ஆட்டம் ஒற்றையரில் தேறாதவரின் புகலிடம் என்னும் ஏளனத்துக்கு வருவோம். இது விளையாட்டை அறியாதார் கூற்று. ரொனி குணவான் 2000 இல் சிட்னி ஒலிம்பிக் தங்கத்தைச் சண்ட்ரா விஜயாவுடன் வென்றார். 2001 இல் உலகப் பட்டத்தை ஹலீம் ஹர்யாந்தோவுடன் வென்றார். 2005 இல் ஐக்கிய அமெரிக்காவுக்காக ஹோவர்ட் பாக்குடன் இணைந்து மீண்டும் உலகப் பட்டம் பெற்றார். துணை மூவர், நாடு இரண்டு. வெற்றி மட்டும் மாறவில்லை. துணையின் பலவீனத்தை மறைத்துப் பலத்தை வெளிக்கொணர்வது தனியொரு கலை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஒலிம்பிக் பட்மின்ரனில் இந்தோனேசியா 1992 முதல் தோக்கியோ வரை பெற்ற தங்கங்கள் எட்டு. அவற்றுள் ஒற்றையர் ஈட்டியவை மூன்று. ஏனைய ஐந்தும் இரட்டையரதும் கலப்பு இரட்டையரதுமே. 'புகலிடம்' தேடியவர்களே அந்நாட்டின் கொடியை அதிகம் உயர்த்தினர் போலும்!

தோக்கியோ இறுதியாட்டத்தின் இரண்டாவது சுற்றில், பந்து ஓடிக்கொண்டிருக்கையிலேயே கிறேசியாவின் மட்டை பழுதுற்றது. அவள் களத்தின் ஓரத்துக்கு ஓடி மற்றொரு மட்டையை எடுத்துத் திரும்பும்வரை, ஆறு மீற்றருக்குச் சற்று மேற்பட்ட அகலமுடைய களம் முழுவதையும் அப்ரியானி தனித்துக் காத்தாள். அந்தப் புள்ளியை இந்தோனேசியச் சோடியே பெற்றது. இரட்டையர் ஆட்டம் எத்தகைய உழைப்பு என்று கேட்போருக்கு அச்சில விநாடிகளைக் காட்டினாற் போதுமானது.

அவ்வுழைப்புக்குச் சந்தை இடும் விலை என்ன? 2019 இன் அகில இங்கிலாந்துப் போட்டியின் மொத்தப் பரிசுத் தொகை 10 இலட்சம் டொலர். மகளிர் ஒற்றையர் பட்டத்தை வென்ற சீனாவின் சென் யூஃபெய் பெற்றது 70,000 டொலர். இரட்டையர் பட்டத்தை வென்ற அதே நாட்டின் சென் ச்சிங்சென், ஜியா யிஃபான் ஆகியோர் பெற்றது 74,000 டொலர். அதாவது ஆளுக்கு 37,000. ஒரே அரங்கு, ஒரே வாரம், ஒரே பட்டம். ஊதியமோ ஏறத்தாழப் பாதி. களத்தின் சுமையை இருவர் பகிர்வதால் பரிசையும் பகிர்வதே முறை என்று இதற்கு விடை கூறப்படுவதுண்டு. இவ்விடை ஆட்டத்தின் நேரத்தை மட்டுமே காண்கிறது. பயிற்சி பாதியன்று, காயம் பாதியன்று, இளமையிலிருந்து கழிந்த ஆண்டுகளும் பாதியல்ல. மேலும், சுமையைப் பகிர்வதாற் பரிசு பாதியாதல் வேண்டுமெனின் தண்டனையும் பாதியாகியிருத்தல் வேண்டும். இலண்டனில் அவ்வாறு எவரும் வகுத்துப் பார்க்கவில்லை. எட்டுப் பெண்களும் முழுமையாகவே வெளியேற்றப்பட்டனர்.

தனிமனிதரின் மனவுறுதியைப் போற்றும் இலக்கியம் பிழையானதென நாம் கூறவில்லை. தோக்கியோவிலே தங்கம் வென்றபோது கிறேசியாவுக்கு முப்பத்துநான்கு வயது நிறைவதற்கு ஒன்பது நாள்களே இருந்தன. முதல் நான்கு தரப்படுத்தப்பட்ட சோடிகளுள் அவர்கள் இடம்பெற்றிருக்கவுமில்லை. அவ்வுறுதியைப் பாராட்டாதவன் மூடன். நாம் எதிர்ப்பது, அவ்வுறுதியைக் காட்டி அமைப்பினை மறைக்கும் எழுத்தினையே. துணையை அவள் தனித்துத் தெரிவுசெய்யவில்லை. போட்டி முறையை அவள் வகுக்கவில்லை. பரிசின் விகிதத்தை அவள் நிர்ணயிக்கவில்லை. இவை மூன்றையும் தீர்மானித்தோர் கதையில் எங்குமே தோன்றுவதில்லை. பாத்திரங்களாகத் தோன்றாதவர் குற்றவாளிகளாகவும் தோன்றார்.

2022 ஜூன் மாதம் ஜகார்த்தாவின் இஸ்தோரா அரங்கிலே, நிறைந்த கூட்டத்தின் முன்னிலையில், கிறேசியா விடைபெற்றாள். இருபத்துநான்கு வயதான அப்ரியானி, ஒலிம்பிக் தங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வேறொரு துணையோடு தரவரிசையை மீண்டும் ஏறலானாள்.