வெல்டிங்கும் கைராசியும்

சொற்பப் பணத்தில், வீட்டிலிருந்தபடியே வெல்டிங் வேலை பழகிக்கொள்ள முடியுமா என்று வாலிபர்கள் பலர் கேட்கின்றார்கள். முடியும் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் இப்படிக் கேட்கின்றவர்கள் கூடவே மற்றொன்றையும் கேட்கின்றார்கள். "எங்கள் வம்சத்தில் ஒருவரும் இரும்பு வேலை செய்ததில்லையே, எங்களுக்குக் கை வருமா?" என்பதே அது. இந்தக் கேள்வியை முதலில் ஒழித்தால்தான் மேலே பேச முடியும்.

தோழர்களே! மின்சார வெல்டிங்கை எந்த ரிஷியும் ஞானதிருஷ்டியால் கண்டு சொல்லவில்லை. கரிக்கோலுக்கும் இரும்புக்கும் நடுவே மின்சாரச் சுடரை நிறுத்தி இரும்பை உருக்கலாம் என்று ருஷிய ராஜ்யத்தில் பிறந்த பெனார்டோஸ் என்பவர் செய்து காட்டியது 1881-ம் வருஷத்தில். பூச்சுப் பூசிய ராடைச் செய்து விற்க ஸ்வீடன் தேசத்தவரான ஷெல்பெர்க் கம்பெனி ஆரம்பித்தது 1904-ல். ஆகவே இது எங்கள் குலத் தொழில் என்று பாத்தியதை கொண்டாட எந்த ஜாதிக்கும் யோக்கியதை இல்லை. மனுவுக்கே தெரியாத தொழிலுக்கு மனு எப்படி ஆள் நியமித்திருப்பார்? அப்பன் தொழிலை மகன் பழகட்டும் என்று 1953-ல் ஒரு கல்வித் திட்டம் வந்து அடுத்த வருஷமே ஒழிந்ததே, அந்தத் திட்டத்தாராலும் வெல்டிங்குக்கு ஒரு குலத்தைக் காட்டியிருக்க முடியாது!

அப்படியானால் 'கை வருவது' என்பது என்ன? ராடின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவில், ஏறக்குறைய ராடின் கனத்தளவே இடைவெளி இருக்க வேண்டும். ராடு எரிந்து குறையக் குறையக் கை கீழே இறங்கிக்கொண்டே வரவேண்டும். வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும். இவ்வளவுதான். இதில் ராசி எங்கே இருக்கின்றது? இரண்டு பாக்கெட் ராடு எரித்தவனுக்குக் கை வரும், எரிக்காதவனுக்கு வராது.

பழகுகிறவர்கள் எடுத்த உடனே கிரில் பைப்பில் கை வைப்பது முட்டாள்தனம். மெல்லிய பைப் ஓட்டை விழும், மனமும் உடைந்துபோகும். பழைய இரும்புக் கடையில் 5, 6 மில்லி மீட்டர் கனமுள்ள பட்டைத் துண்டுகளை எடைக்கு வாங்கி, 2.5 மில்லி மீட்டர் ராடு போட்டு, 60 முதல் 90 ஆம்பியருக்குள் வைத்து, கோடு கோடாக இழுத்துப் பழக வேண்டும். ஒவ்வொரு கோட்டையும் சுத்தியால் தட்டிக் கசடு நீக்கிப் பார்க்க வேண்டும். பிறகு இரண்டு துண்டை ஒட்டி, வைஸில் பிடித்து, அடித்து உடைத்துப் பார்க்க வேண்டும். மேலே பார்க்க அழகாயிருந்து உள்ளே பிடிக்காத வெல்டு அநேகம். அதை வாத்தியார் சொல்லுவதைவிட உடைந்த துண்டு நன்றாய்ச் சொல்லும்.

மிஷினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு 230 வோல்ட்டிலேயே ஓடும் சிறு இன்வெர்ட்டர் மிஷின் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கின்றது. இரண்டு மூன்று தோழர்கள் கூட்டாக வாங்கலாம். பெட்டியின் மேல் எழுதியுள்ள பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், நமக்கு 100 ஆம்பியர் போதும். 16 ஆம்பியர் பிளக்கும், அதற்கேற்ற கனமான ஒயரும், யோக்கியமான எர்த்தும் மாத்திரம் கட்டாயம் வேண்டும்.

நிற்க. நமது ஜனங்கள் மிச்சம் பிடிப்பது எங்கே என்றால் கண்ணில்தான்! ஆயுத பூஜையன்று மிஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் மாலையும் எலுமிச்சம்பழமும் உண்டு, பூசணிக்காயும் உண்டு. அந்த மிஷினின் பக்கத்தில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவிப் பையனுக்கு ஒரு கருப்புக் கண்ணாடி கிடையாது. "கண்ணை மூடிக்கொள்ளடா" என்பதே அவனுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. சுடர் பிறப்பதற்கும் அவன் கண் மூடுவதற்கும் நடுவேயுள்ள நேரம் ஒரு நாளில் நூறு தடவை சேருகின்றதே, அது யார் கணக்கில் எழுதப்படுகின்றது? சுண்ணாம்படித்த சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்கூடக் கண்ணைத் தாக்கும். சந்தையில் விற்கும் கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. 10 அல்லது 11-ம் நெம்பர் கருப்புக் கண்ணாடி பொருத்திய முகத் தடுப்புத்தான் வேண்டும். ஆகையால் முதல் ரூபாயை இதற்குச் செலவிடுங்கள், மிஷின் பிறகு வரட்டும். கூட நிற்பவருக்கும் சேர்த்து இரண்டாக வாங்குங்கள்.

சுடர் தாக்கிய கண் உடனே வலிப்பதில்லை. 6 முதல் 12 மணி நேரம் கழித்து, நடுராத்திரியில், மணலை வாரிக் கொட்டினாற்போல் எரியும். உடனே தாய்ப்பால் தேடி ஓடுகின்றார்கள், உருளைக்கிழங்கை அறுத்து வைக்கின்றார்கள். சாதாரணமாக இந்த எரிச்சல் 1, 2 நாளில் தானாகவே ஆறும், பெயரைப் பால் தட்டிக்கொண்டு போகும்! புண்பட்ட கண்ணில் எதையாவது விட்டால் கிருமி நுழையவும் இடமுண்டு. கண் டாக்டரிடம் போவதே அறிவுடைமை.

புகை விஷயமும் இப்படியே. புகைக்கு வாழைப்பழமும் வெல்லமும் பாலும் முறிவு என்கின்றார்கள். சாப்பிட்டது போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு. இரண்டுக்கும் வழி வேறு என்பது யாருக்குத் தெரியாது? உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2017-ல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ஆதலால் அறைக்குள் வேண்டாம். திறந்த வெளியில், காற்று பக்கவாட்டில் அடிக்கும்படி நின்று, புகைக்கு மேல் தலையைக் கவிழ்க்காமல் செய்ய வேண்டும். ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து நீக்காமல் வெல்டு வைத்தால் அன்றிரவே குளிர் காய்ச்சல் வரும். அதைக் கண் திருஷ்டி என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போடுகிறவர்களும் உண்டு!

வெறுங்காலோடு, வியர்த்த உடம்போடு ஹோல்டரைத் தொடக்கூடாது. சும்மா இருக்கும்போது அதில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். நைலான் சட்டை ஆகாது, பருத்தியே நல்லது. பெட்ரோல், எண்ணெய் இருந்த பீப்பாய் காலியாகத் தெரிந்தாலும் அதன் அருகில் போகவே வேண்டாம்.

வீட்டில் பழகியபின் பிடித்திருந்தால், 8-ம் வகுப்புத் தேறியவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் 1 வருஷ வெல்டர் படிப்பு இருக்கின்றது. பெண்களும் சேரலாம், சேரவும் வேண்டும். அடுப்பை ஊதச் சம்மதித்த வீட்டார் இதற்கு மாத்திரம் நெருப்பென்று அஞ்சுவானேன்?

ஏணி, ஊஞ்சல், வண்டிச் சட்டம், மாடிக் கைப்பிடி இவைகளை முதல் வருஷத்தில் யார் கேட்டாலும் செய்து கொடுக்க வேண்டாம். பூந்தொட்டி ஸ்டாண்டு செய்யலாம், வெல்டு விட்டால் தொட்டிதான் உடையும்.