வைத்தியரா, முதலீட்டு வங்கியாளரா?

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் காலங்களில் கினிகத்தேனைத் தேநீர்க் கடைகளில் ஒரு வாதம் தவறாமல் எழும். வைத்தியம் படித்து என்ன மிச்சம், முதலீட்டு வங்கித் துறைக்குப் போனால் முப்பது வயதிலேயே கொழும்பில் வீடு வாங்கலாமே என்பதே அது. இப்போது ஆசிரியர்கள் சிலரும் இதையே உபதேசிக்கின்றனர். எனக்கு இதில் சற்றும் உடன்பாடில்லை.

வருமானத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது முற்றிலும் பொய்யல்ல. ஐந்தாண்டுப் படிப்பு, ஓராண்டு உள்ளகப் பயிற்சி, அதன் பின் மேலதிகக் கொடுப்பனவை நம்பிய அரச சம்பளம். 2022க்குப் பின் வைத்தியர்கள் நூற்றுக்கணக்கில் நாட்டைவிட்டுப் போனதில் வியப்பில்லை. ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. நிதித் துறையின் தொழில்சார் பரீட்சைகளுக்குப் பவுண்ஸிலும் டொலரிலும் கட்டணம் செலுத்த வேண்டும். 2022இல் மட்டும் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியது. கொழுந்து பறிக்கும் தாயின் மகன் அதை எங்கிருந்து கட்டுவான்? அரச மருத்துவ பீடத்திலோ கல்விக் கட்டணமே இல்லை. மாவட்ட அடிப்படையில் 55 சதவீத இடங்கள் உண்டு. பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீதத்திலும் நுவரெலியாவுக்குப் பங்குண்டு.

அந்தத் தொழில் நாட்டுக்கு என்ன செய்தது என்றும் கேட்கலாம். 2007இல் இலங்கையின் முதலாவது சர்வதேச இறைமைப் பிணைமுறி, 500 மில்லியன் டொலர், வெளிநாட்டு வங்கிகளின் ஏற்பாட்டில் விற்கப்பட்டது. கடன் வாங்கியது அரசுதான். வங்கிகள் தரகுக் கூலி பெற்றுக்கொண்டன. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியது. அதற்கு முந்திய மாதமே மருந்தில்லாமல் பேராதனை வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. நட்டத்தைச் சுமந்தவன் நோயாளி.

உண்மையில் இவ்வாதத்தின் பின்னால் வேறொன்று ஒளிந்திருக்கிறது. நம் தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே கிடையாது. பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத இடத்தில், 'வர்த்தகம் படி, வங்கியில் கொழிக்கலாம்' என்பது ஆலோசனையா, சாக்குப்போக்கா? வர்த்தகப் பிரிவில் படித்த எத்தனை பிள்ளைகள் கொழும்பில் கடைச் சிப்பந்திகளாக நிற்கிறார்கள் என்று இந்த உபதேசிகள் எண்ணிப் பார்க்கட்டும்.

டிக்கோயாவில் இந்திய உதவியால் 150 கட்டில்களுடன் வைத்தியசாலை எழுந்தது; 2017இல் இந்தியப் பிரதமரே வந்து திறந்துவைத்தார். கட்டடத்தை இன்னொரு நாடு தரலாம். லயத்திலிருந்து வரும் ஆச்சியின் நெஞ்சுவலியை அவர் மொழியிலேயே கேட்டறியும் வைத்தியரை நாம்தான் உருவாக்க வேண்டும். அதற்கு முதலில் வலயக் கல்விப் பணிமனைக்குப் போய், விஞ்ஞான ஆசிரியர் எங்கே என்று பெற்றோர் கேட்கட்டும்.