சாபம் யாருக்கு? லாபம் யாருக்கு?

சென்ற வாரம் முத்தாபுதுப்பேட்டையில் ஒரு தோழரைப் பார்த்தேன். முப்பது ஆண்டுகள் லேத் மிஷின் முன்னால் நின்று உழைத்து ஓய்வு பெற்றவர். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து, மயிரிழை பிசகினாலும் உருப்படியை ஒதுக்கித் தள்ளிய கை அவருடைய கை. அந்தக் கைதான் ஓய்வுத் தொகையிலிருந்து மூன்று லட்சத்தை எடுத்து, ஒரு செப்புக் குடத்திற்காகக் கொடுத்திருக்கிறது!

இடி விழுந்த குடமாம். இடி விழுந்ததால் செம்பு இரிடியமாக மாறிவிட்டதாம். அரிசியைப் பக்கத்தில் வைத்தால் இழுத்துக்கொள்ளுமாம். அமெரிக்க விண்வெளி நிலையம் கோடி கோடியாகக் கொடுத்து வாங்கிக்கொள்ளுமாம். "ஏன் தோழரே, போலீசில் சொல்லவில்லையா?" என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வெளியே சொன்னால் குடும்பத்திற்கு ஆகாது என்று சொல்லியிருக்கிறார்கள்."

தோழர்களே, மோசடியின் உயிர்நாடி இந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. ஆசையைக் காட்டிப் பணத்தை வாங்குகிறான். சாபத்தைக் காட்டி வாயை அடைக்கிறான். ஆசை சாவி, சாபம் பூட்டு!

இரிடியம் என்பது என்ன? 1803-ல் லண்டனில் ஸ்மித்சன் டென்னன்ட் என்ற வேதியியலார் கண்டறிந்த உலோகம். பிளாட்டினக் கனிமத்தோடு சேர்ந்து கிடைப்பது. விலை உயர்ந்ததுதான், ஆனால் அதில் மந்திரம் எதுவுமில்லை. வண்டியில் போடும் உயர்ரக ஸ்பார்க் பிளக்கின் முனையில் அது இருக்கிறது. 1889 முதல் 2019 வரை உலகத்திற்கே கிலோ எடையின் அளவுகோலாக இருந்த உருளையில் பத்தில் ஒரு பங்கு இரிடியம். அந்த உருளை ஒரு அரிசியையாவது இழுத்ததுண்டா? இடி விழுந்தால் செம்பு உருகும். வேறு தனிமமாக மாறாது. பிறகு அரிசி நகர்ந்தது எப்படி? அரிசியில் இரும்புத் தூளைப் பூசி, குடத்திற்குள் காந்தத்தை ஒளித்து வைத்தால் நகராமல் என்ன செய்யும்? ஒரு பள்ளி மாணவன் செய்து காட்டுவான்.

ஏமாறுகிறவர்கள் எழுத்தறியாதவர்கள் மட்டுமல்ல. 2018-ல் டில்லியில் ஒரு வியாபாரியிடம் இதே குடத்தைக் காட்டி, கதிர்வீச்சு உடை மாட்டி நாடகமாடி, ஒரு கோடிக்கு மேல் பறித்த தந்தையும் மகனும் கைதானார்கள். 2025-ல் நம் மாநிலத்திலேயே, இரிடியம் விற்ற பணம் ரிசர்வ் வங்கியில் இருக்கிறது என்று சொல்லி வசூல் செய்த கூட்டத்தை சி.பி.சி.ஐ.டி. போலீஸ் பிடித்தது.

குடம் மட்டுமா? நரிக்கொம்பு, நாகரத்தினம், வலம்புரிச் சங்கு, இருதலைப் பாம்பு என்று பட்டியல் நீள்கிறது. நரிக்குக் கொம்பு கிடையாது. பாம்பின் தலையில் மாணிக்கம் கிடையாது. இருதலைப் பாம்பு என்பது வால் மழுங்கிய மண்ணுளிப் பாம்பு. வயலில் எலியைத் தின்று உழவனுக்கு உதவும் அப்பாவிப் பிராணி. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஆகவே ஏமாந்தவன் போலீசுக்குப் போகவும் அஞ்சுகிறான். இது இரண்டாவது பூட்டு!

சாபக் கதையால் களவை மூடுவது குப்பத்துத் தந்திரம் மட்டுமல்ல, கோட்டைத் தந்திரமும்கூட. கோகினூர் வைரத்தை ஆண் அணிந்தால் ஆகாது என்று கதை பேசுகிறார்கள். 1849-ல் பத்து வயதுச் சிறுவனான துலீப் சிங்கிடமிருந்து, ஒப்பந்தம் என்ற பெயரில் வெள்ளையர் அதைப் பறித்துக்கொண்டார்களே, அதை யார் பேசுகிறார்கள்? சாபத்தைப் பேசினால் பறித்தவனைப் பேச வேண்டியதில்லை அல்லவா?

இலங்கையில் ஆபிரகாம் கோவூர் 1963-ல், மோசடிக்கு இடமில்லாத நிலையில் ஒரு அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறைகூவல் விடுத்தார். 1978-ல் அவர் மறையும் வரை யாரும் அதை வென்று வாங்கவில்லை.

சட்டம் என்ன செய்கிறது? தாயத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் தாயத்தால் பணம் கொட்டும் என்றால் அந்தச் சட்டத்தின் கை எட்டுவதில்லை. மராட்டியம் 2013-லும், கர்நாடகம் 2017-லும் மாந்திரீக மோசடிக்கென்று தனிச் சட்டம் இயற்றின. பகுத்தறிவுக்குப் பேர் போன தமிழகம் பின்தங்கலாமா?

யாருடைய கும்பிடுதலையும் நாம் இங்கே கேள்வி கேட்கவில்லை. உழைத்தவன் பணத்தைப் பறிக்கும் வியாபாரத்தைத்தான் கேள்வி கேட்கிறோம். மகள் கலியாணமும், வாடகை வீட்டிலிருந்து விடுதலையும், முதுமையில் மருந்தும் அந்தப் பணத்தில்தான் இருக்கின்றன. அவர் ஆசைப்பட்டது தவறு என்று சிரித்துவிட்டுப் போவது சுலபம். முப்பதாண்டு உழைப்பும் ஒரு வீட்டைத் தராத நிலையில்தான் குடம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

எனவே கிளைத் தோழர்கள் செய்யவேண்டியது இது: படிப்பகத்திலும் தொழிற்சாலை வாயிலிலும் ஒரு செம்பு, ஒரு காந்தம், ஒரு பிடி அரிசி வைத்து இந்தத் தந்திரத்தை நாலு பேர் பார்க்கச் செய்து காட்டுங்கள். ஏமாந்தவரை எள்ளாதீர்கள்; கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் புகார் எழுதிக் கொடுக்கச் செய்யுங்கள்.

நம் தோழரும் மறுநாள் ஆவடிக்குப் போய்ப் புகார் கொடுத்தார். இதுவரை அவர் குடும்பத்திற்கு ஒன்றும் ஆகவில்லை. குடத்தை விற்றவன்தான் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியிருக்கிறான்!