பிள்ளையிடம் காசு கொடுத்துப் புகையிலை வாங்கி வரச் சொல்லாதீர்கள்

புகையிலைப் பழக்கம் என்றவுடன், கல்லூரி வாசலில் சிகரெட் பிடிக்கும் இளைஞனே பலருக்கும் நினைவுக்கு வருகிறான். ஆனால் பழக்கம் தொடங்கும் வயது அதற்கு வெகு முந்தையது. இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையுள்ள பள்ளி மாணவர்களிடையே 2019-ஆம் ஆண்டு நடத்தப்பட்ட உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 8.5 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். பீடி பிடித்துப் பார்த்தவர்களுள் 47 விழுக்காட்டினரும், புகையற்ற புகையிலையைப் பயன்படுத்தியவர்களுள் 52 விழுக்காட்டினரும் பத்து வயது நிறையும் முன்பே அதைத் தொட்டவர்கள்.

பத்து வயதுப் பிள்ளையின் கைக்குப் புகையிலை எவ்வாறு வருகிறது? பல வீடுகளில் அதற்கு வழி திறப்பவர்கள் பெரியவர்களே. ஆரணியிலும் அதன் சுற்றுவட்டார ஊர்களிலும் தறிக்குழியில் இறங்கி அமர்ந்த நெசவாளர் அடிக்கடி எழுந்து வெளியே செல்வது எளிதன்று. ஆகவே பீடிக் கட்டோ புகையிலைப் பொட்டலமோ வாங்கி வருவது வீட்டுப் பிள்ளையின் வேலையாகிவிடுகிறது. இது நெசவாளர் வீட்டுக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று.

“வாங்கி வருவதால் என்ன? அவன் போட்டுக்கொள்வதில்லையே” என்று பெற்றோர் கூறுவர். இந்தச் சிறு வேலையின் மூலம் பிள்ளை பொருளின் பெயரையும் விலையையும் கற்றுக்கொள்கிறான், கடைக்காரருக்கும் பழக்கமாகிவிடுகிறான். பின்னொரு நாள் தனக்காகவே கேட்டாலும், அப்பாவுக்குத்தான் வாங்குகிறான் என்று அவர் எண்ணிக்கொள்வார். எந்தப் பெற்றோரும் பிள்ளையை அனுப்பாத ஊரில் இந்தச் சாக்கு எடுபடாது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள்கள் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோருக்கு விற்பதையும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதையும் தடைசெய்கிறது. யாருக்காக வாங்குகிறான் என்பது அங்கே கேள்வியே இல்லை. 2015-ஆம் ஆண்டு இளையோர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு, குழந்தைக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. எனினும் ஒவ்வொரு பெட்டிக்கடையின் முன்பும் காவலரை நிறுத்த இயலாது. பிள்ளையை அனுப்பாதிருப்பது நம்மால் இன்றே இயலும்.

இன்னொன்றையும் பெற்றோர் அறிய வேண்டும். இன்று மாணவர்களிடையே பரவும் புகையிலையில் புகை வருவதில்லை. ‘கூல் லிப்’ போன்ற சிறு பைகளை உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே அடக்கிக்கொண்டு வகுப்பிலேயே அமர்ந்திருக்க முடியும். இது மாணவர்களிடையே பரவுவது குறித்துக் கவலை தெரிவித்த சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, நாடு முழுவதும் இதை ஏன் தடைசெய்யக் கூடாது என்று 2024-இல் கேட்டது. வாயின் மெல்லிய தோல் வழியாக நிகோடின் நேரே குருதியில் கலக்கிறது. இளம் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், பெரியவர்களைக் காட்டிலும் விரைவில் அதற்கு அடிமையாகிவிடுகிறது.

சட்டையில் புகை நாற்றம் உண்டா என்று பார்த்தால் மட்டும் போதாது. உதட்டின் உட்புறத்திலோ கன்னத்திலோ வெண்திட்டு உள்ளதா, காரம் பட்டால் வாய் எரிகிறதா என்று கவனியுங்கள். பாக்கு கலந்த புகையிலையைத் தொடர்ந்து மெல்லுவோருக்கு வாய்த்தோல் இறுகி, வாய் திறப்பது குறையும். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் வைக்க முடியவில்லையெனில் மருத்துவரிடம் காட்டுங்கள். வாய்ப்புற்றுக்கு முந்தைய நிலையாகவும் அது இருக்கக்கூடும்.

பழக்கம் தெரியவந்தால் அடிக்காதீர்கள். அடிபட்ட பிள்ளை மறைக்கக் கற்றுக்கொள்வானேயன்றி விடமாட்டான். எப்போது தொடங்கினான், யாரிடம் வாங்குகிறான் என்று அமைதியாகக் கேளுங்கள். மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள், அல்லது 1800-11-2356 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணை அழையுங்கள். வீட்டில் புகையிலை பயன்படுத்தும் பெரியவரும் அதே எண்ணை அழைக்கலாம். அவரால் உடனே விட இயலாவிட்டாலும், தமக்கு வேண்டியதைத் தாமே சென்று வாங்கி வரட்டும்.