கவிழ்த்த ரம்பம் போதும்

சம்பா அறுவடை முடிந்து நெல் பணம் கைக்கு வரும் மாசி, பங்குனியில்தான் டெல்டா கிராமங்களில் வீட்டு வேலைகள் சூடுபிடிக்கும். மன்னார்குடியோ பட்டுக்கோட்டையோ திருவையாறோ, வேலை நடக்கும் வீட்டு முற்றத்தில் ஒரு ப்ளைவுட் மேசையைப் பார்க்கலாம். அதன் அடியில் ஏழு அங்குலக் கை ரம்பம் தலைகீழாக முடுக்கப்பட்டிருக்கும். கீழ்க் கார்டைக் கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருப்பார்கள். சுவிட்சை அழுத்தி டேப் சுற்றியிருப்பார்கள். ஒரு ரீப்பரைக் கிளாம்ப் போட்டு இறுக்கினால் அதுவே ஃபென்ஸ்.

இந்த அமைப்பு ஏன் பரவியது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கை ரம்பம் மலிவு. டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒரு சாக்குப் பையில் போய்விடும். முறையான டேபிள் ரம்பத்தின் விலை அதைப் போல் பல மடங்கு. எடையும் 26 கிலோவிலிருந்து 35 கிலோ வரை இருக்கும். அதைக் கொண்டுபோகக் குட்டியானையைக் கூப்பிட வேண்டும். ஆனாலும் இந்தக் கவிழ்த்த ரம்பத்தை நம் தொழில் கைவிட்டாக வேண்டும் என்பதே இந்த இதழின் உறுதியான கருத்து.

முதல் காரணம், மரம் உதைப்பது. பிளேடின் முன்பற்கள் மரத்தைக் கீழே அழுத்துகின்றன. பின்பற்களோ மேலே ஏறுகின்றன. ஈரம் காயாத வேம்போ வாகையோ அறுபட்டதும் உள்விசை தளர்ந்து பின்னால் மூடிக்கொள்ளும். ரீப்பர் ஃபென்ஸ் ஒரு நூல் கோணியிருந்தாலும் போதும், பின்பற்கள் மரத்தைக் கவ்வித் தூக்கி ஆள்மேல் எறியும். பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3,650 சுற்று சுற்றும்போது பல்நுனியின் வேகம் மணிக்குச் சுமார் 175 கிலோமீட்டர். தள்ளிய கை எந்தப் பக்கம் போகும் என்று யோசிக்கக்கூட நேரம் இருக்காது.

இதைத் தடுப்பது பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரைவிங் நைஃப் என்ற தகடு. பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்கி, அறுத்த வாயை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். அது பிளேடின் உடல் தகட்டைவிடத் தடிப்பாகவும், பல் அறுக்கும் அகலத்தைவிட மெலிதாகவும் இருக்க வேண்டும். அதன் அளவு அந்தத் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மாற்று பிளேடு வாங்கும்போது அதைப் படித்துப் பொருத்தம் பாருங்கள்.

இரண்டாவது காரணம், கரண்ட். வேலைக்கு நடுவில் கரண்ட் போகிறது, ரம்பம் நிற்கிறது. துண்டுக் கட்டையை எடுக்கக் கை போகிற நேரத்தில் கரண்ட் திரும்பி வந்தால், டேப் சுற்றிய சுவிட்சில் பிளேடு தானே சுற்றத் தொடங்கிவிடும். நோ-வோல்ட் சுவிட்ச் உள்ள மெஷினில், மறுபடி ஆன் செய்தால்தான் ஓடும். கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். மெஷினை ஓடவிட்டு, சாக்கெட் சுவிட்சை அணைத்துத் திரும்பப் போடுங்கள். பிளேடு சுற்றினால் அந்த மெஷின் வேண்டாம்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். விற்பனையாளர் முதலில் சொல்வது வாட்ஸ். நாம் முதலில் கேட்க வேண்டியது நம் வேலையின் அளவு. நிலைக்கு மூன்று அங்குலக் கட்டை அறுக்க 76 மி.மீ. ஆழம் வேண்டும். நேர் அறுப்பில் டிவால்ட் டி.டபிள்யூ.இ. 7491 மெஷினுக்கு 77, போஷ் ஜி.டி.எஸ். 10 ஜெ மெஷினுக்கு 79, மகீட்டா எம்.எல்.டி. 100 மெஷினுக்கு 93 மி.மீ. என்று தயாரிப்பாளர்கள் அளவு தருகிறார்கள். மூன்றிலும் மூன்று அங்குலம் ஒரே ஓட்டத்தில் போகும். நான்கு அங்குலம் எதிலும் போகாது. எட்டுக்கு நான்கு ப்ளைவுட்டைச் சரிபாதியாக்க ஃபென்ஸ் 610 மி.மீ. விலக வேண்டும். இந்த டிவால்ட்டில் பல்சக்கரத்தில் நகரும் ஃபென்ஸ் 825 மி.மீ. வரை போகும், இரு முனையும் சேர்ந்தே நகர்வதால் கோணாது. ப்ளைவுட் வேலையே அதிகம் செய்பவருக்கு மோட்டாரின் பலத்தைவிட இது முக்கியம்.

நம் மண்ணின் மரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் சாய்த்த தென்னைகள் நமக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தன. தென்னையின் வெளிப்பகுதி இரும்பாய் இருக்கும். உள்ளே போகப் போகப் பஞ்சாகும். கார்பைடு பல் இல்லாத பிளேடு அதில் சீக்கிரமே மழுங்கும். மழுங்கினால் கை அழுத்தித் தள்ளும். தள்ளும் கைதான் வழுக்கும். பழைய வீடு பிரித்த தேக்கை மேசையில் ஏற்றுமுன் காந்தம் வைத்து ஆணி தேடுங்கள். வயரையும் பாருங்கள். 0.75 சதுர மி.மீ. வயரை 40 மீட்டர் இழுத்தால், 1,800 வாட்ஸ் மெஷினுக்கு வழியிலேயே சுமார் 16 வோல்ட் போய்விடும். 2.5 சதுர மி.மீ. வயரும் 16 ஆம்பியர் சாக்கெட்டும் கட்டாயம்.

நல்ல மெஷின் வாங்கினால் மட்டும் கை தப்பிவிடாது. தொழிற்சாலையில் செய்த மெஷின்களே மிகுந்த அமெரிக்காவில் டேபிள் ரம்ப பிளேடு பட்டு ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்பது அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீடு. தோல் பட்டதும் சில மில்லி செகண்டில் பிளேடை நிறுத்தும் 'சாஸ்டாப்' நுட்பம் அங்கே பிறந்ததற்கும் இந்தக் காயங்களே காரணம். அது இல்லாத நம்மிடம் இருப்பவை மூன்று: கழற்றாத கார்டு, கழற்றாத ரைவிங் நைஃப், கையில் ஒரு தள்ளுகட்டை.

பணத்துக்கு வழி இருக்கிறது. தமிழக அரசு 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில், 35 வயதைத் தாண்டிய கைவினைஞர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. மர வேலையும் அதில் சேரும். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். தனியாக வாங்க முடியாதவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யாத உதவியாளர் உங்களிடம் இருந்தால் இந்த வாரமே பதிவு செய்யுங்கள்.

ஒப்பந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சதுர அடிக்கு ரேட் பேசும்போது ரம்ப மெஷினின் வாடகையையும் எஸ்டிமேட்டில் ஒரு வரியாக எழுதுங்கள். வீட்டுக்காரர் கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். சொன்னால் மறுப்பவர் குறைவு. உங்கள் சைட்டில் கவிழ்த்த ரம்பம் ஓட இனி இடம் கொடுக்காதீர்கள்.